எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் புத்தகங்கள்: தேர்ந்தெடுக்கவும் சேர்ந்து வாசிக்கவும் ஒரு முழு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு வரலாறு இரண்டு பக்கத்திலிருந்து வந்து சேர்கிறது. பள்ளிக்கூடத்தில் கேரளப் பாடநூல். விடுமுறைக்குப் பொள்ளாச்சிக்கோ உடுமலைக்கோ போனால் மாமா பிள்ளைகள் வைத்திருக்கும் தமிழ்நாட்டுப் பாடநூல். ஒரு போராட்டம் ஒன்றில் பல பக்கம் ஓடும், மற்றதில் சில வரிகளில் முடிந்துவிடும். ஒரு மன்னன் இங்கே படையெடுத்து வந்தவன், அங்கே துணைக்கு நின்றவன். "இதில எதும்மா சரி?" என்று பிள்ளை கேட்கும்.

அந்தக் கேள்வி வந்தால் சந்தோஷப்படுங்கள். பெரிய நகரத்துப் பிள்ளைக்குக் கல்லூரி போன பிறகுதான் வருகிற கேள்வி இது. நம் பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. அதை வளர்க்க ஒரு புத்தகம் போதாது. ஒரே நிகழ்ச்சியைப் பற்றி இரண்டு புத்தகம் வேண்டும், "இது இவருக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்கும் பழக்கமும் வேண்டும். எங்கள் ஊர் வாயனசாலையில், அதாவது கிராம நூலகத்தில், பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கிற பழக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். 6 வயதிலிருந்து 17 வரைக்கும் இது பொருந்தும்.

முதல் படி: புத்தகம் வாங்கும் முன் சொந்த ஊரிலிருந்து தொடங்குங்கள்

எகிப்து பிரமிடு, மொகலாயர் என்று தூரத்திலிருந்து தொடங்கும் புத்தகங்கள்தான் கடையில் முதலில் கண்ணில் படும். அவற்றை அப்புறம் வாங்கலாம். முதலில் ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் தாலுகா யார் யார் ஆட்சியில் இருந்தது என்று பிள்ளையோடு சேர்ந்து எழுதுங்கள்.

நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவையே எடுத்துக்கொள்வோம். சுதந்திரத்துக்கு முன் இது கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. பக்கத்தில் இருக்கும் பாலக்காடு நகரமோ பிரிட்டிஷ் மலபார் மாவட்டம், அதாவது சென்னை மாகாணம். காலையில் பஸ் ஏறிப் பாலக்காட்டுச் சந்தைக்குப் போன ஒரு விவசாயி, ராஜாவின் நாட்டிலிருந்து வெள்ளைக்காரன் நாட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பியிருக்கிறார். 1949 ஜூலை 1 அன்று கொச்சியும் திருவிதாங்கூரும் ஒன்றாயின. 1956 நவம்பர் 1 அன்று மலபாரும் சேர்ந்து கேரளம் பிறந்தது. அதே நாளில் தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துக்குப் போயின. தமிழர்கள் நிறைய இருந்தும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. இவ்வளவும் ஒரே தாளில் அடங்கும். எல்லை என்பது மலையும் ஆறும் போல எப்போதும் இருந்தது கிடையாது, மனிதர்கள் உட்கார்ந்து பேசிப் போட்டது என்பது பிள்ளைக்கு அங்கேயே புரிந்துவிடும்.

அடுத்தது கொங்கன்படை. சித்தூர் பகவதி கோயிலில் ஆண்டுதோறும் கும்ப (மாசி) மாதத்தில் நடக்கிற அந்தத் திருவிழா, கொங்கு நாட்டிலிருந்து வந்த படையைப் பகவதியின் துணையோடு இந்த ஊர்க்காரர்கள் வென்றதைக் கொண்டாடுகிறது. நம் குடும்பங்களில் பலவும் கொங்கு நாட்டிலிருந்து வந்தவைதான். "அப்போ நாமதான் தோத்தவங்களா?" என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். இதற்கு அவசரமாகச் சமாதானம் சொல்லிவிடாதீர்கள். இது ஊர் நினைவில் வைத்திருக்கும் கதை, இதில் எவ்வளவு கல்வெட்டிலும் ஏட்டிலும் இருக்கிறது என்று தேட வேண்டும், தோற்றவர் வீட்டிலும் ஜெயித்தவர் வீட்டிலும் கதை வேறு வேறாகத்தான் இருக்கும் என்று சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கே இது விளங்கும்.

இரண்டாம் படி: எந்த மொழியில் வாசிப்பது என்று உள்ளபடி முடிவு செய்யுங்கள்

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ்வழி அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனாலும் மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. வீட்டில் தமிழ் பேசும், கடையில் மலையாளம் பேசும், தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிக்கும். அப்படிப்பட்ட பிள்ளையின் கையில் கனமான தமிழ் வரலாற்று நூலைக் கொடுத்து "படி" என்றால் வரலாறும் வெறுத்துவிடும், தமிழும் வெறுத்துவிடும்.

ஒரு சின்னச் சோதனை செய்யலாம். புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பக்கத்துக்கு ஒன்றிரண்டு சொல்லில் தடுமாறினால் தானே வாசிக்கட்டும். ஐந்தாறு இடத்தில் நின்றால் அது நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம். தூங்கும் முன் கால் மணி நேரம் போதும். வாசிக்கத் தெரிந்ததைவிடக் கேட்டுப் புரிந்துகொள்வது பிள்ளைகளுக்கு எப்போதும் ஒரு படி மேலே இருக்கும். அதனால் பத்து வயதுக்காரனுக்குப் பன்னிரண்டு வயதுக்கான புத்தகத்தைத் தாராளமாக வாசித்துக் காட்டலாம்.

மலையாளத்தில் வாசிக்க வருகிற பிள்ளை மலையாளப் புத்தகத்தை எடுத்தால் தடுக்காதீர்கள். நம் திட்டத்துக்கு அது பெரிய பலம். ஏன் என்று ஐந்தாம் படியில் தெரியும்.

மூன்றாம் படி: வயதுக்கு ஏற்றது

6 முதல் 8 வரை ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். "அம்மிச்சி (அம்மாவின் அம்மா) சின்னப் பிள்ளையா இருந்தப்போ" என்பதுதான் அவர்களுக்கு அளவுகோல். பொருள்களைப் பற்றிய படப் புத்தகங்கள் எடுங்கள்: வண்டி, நாணயம், கிணறு, உப்பு, துணி, ரயில்.

இந்த வயதில் நான் மிகவும் நம்புவது காலக் கயிறு. இன்றிலிருந்து பின்னோக்கி ஒரு ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மிச்சி பிறந்தது கயிற்றில் முழங்கை தூரத்தைக் கொஞ்சம் தாண்டி வரும். வைக்கம் சத்தியாக்கிரகம் ஒரு மீட்டர். ஹைதர் அலி பாலக்காட்டுக் கோட்டையை எழுப்பிய 1766 இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. தஞ்சைப் பெரிய கோயில் முடிந்த 1010-க்குப் பத்து மீட்டர் வேண்டும், அதற்கு வாசலுக்குப் போக வேண்டியிருக்கும். கீழடியின் பழைய அடுக்கு 26 மீட்டர், தெருவுக்கே வந்துவிடும். புத்தகத்தில் புதிதாக ஒரு நிகழ்ச்சி வரும்போதெல்லாம் அந்தக் கயிற்றில் ஒரு துணித் துண்டைக் கட்டச் சொல்லுங்கள்.

9 முதல் 11 வரை ஒரு மனிதர், ஒரு நிகழ்ச்சி என்று சுருக்கமான புத்தகங்கள் நல்லவை. நேரு 1928-இல், முசூரியில் இருந்த பத்து வயது மகளுக்கு எழுதிய கடிதங்கள் இந்த வயதுக்கு இன்றும் பொருந்தும். கல்லையும் மண்ணையும் பார்த்தே பழங்காலத்தைப் படிக்கலாம் என்று அவர் சொல்லும் முறை பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. அறிவியல் செய்திகளில் சில பழையதாகிவிட்டன, அதை மட்டும் நீங்கள் கூட இருந்து சொல்லிக் கொடுங்கள்.

12-க்கு மேல் நாட்குறிப்பு, கடிதம், வாழ்க்கை வரலாறு. ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு 1942 முதல் 1944 வரை ஒளிந்திருந்த ஒரு சிறுமி தானே எழுதியது. தன் வயதுக்காரி எழுதியதை வாசிக்கும் பெண்பிள்ளைகள் தாங்களும் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். 15-க்கு மேல் கல்வெட்டு, சட்டம், ஒப்பந்தம், பழைய செய்தித்தாள் என்று மூல ஆவணங்களின் பகுதிகளைத் தருகிற புத்தகங்களுக்குப் போகலாம்.

நான்காம் படி: கடையில் பத்து நிமிடம் சோதியுங்கள்

அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள். முதலில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். கீழடியில் அகழாய்வு தொடங்கியது 2014-15 காலத்தில். அங்கே கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்ற அறிக்கை 2019-இல் வந்தது. சங்க காலத்தைப் பற்றிய புத்தகம் அதற்கு முந்தியது என்றால் இந்தச் செய்தி இருக்காது. அதற்காக ஒதுக்க வேண்டாம், தெரிந்து வாங்குங்கள்.

படங்களுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது? நாம் எல்லோரும் மனதில் வைத்திருக்கும் திருவள்ளுவர் உருவம் ஓவியர் வேணுகோபால் சர்மா வரைந்தது, 1964-இல் அரசு ஏற்றுக்கொண்டது. ராஜராஜனுக்கும் நமக்குத் தெரிந்த முகம் ஓவியர்கள் கற்பனை செய்ததுதான். "ஓவியரின் கற்பனை" என்று சொல்லிப் போடும் புத்தகம் பிள்ளையை மதிக்கிற புத்தகம்.

குமரிக் கண்டத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்றும் பாருங்கள். லெமூரியா என்ற பெயரை 1864-இல் உயிரியல் அறிஞர் ஸ்கிளேட்டர் வைத்தார். லெமூர் வகை விலங்குகள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் எப்படி இருக்க முடியும் என்பதற்கு அவர் நினைத்த விளக்கம் அது. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்த விளக்கம் தேவையில்லாமல் போயிற்று. கடல்கோள் பற்றிய நம் பழைய நூல்களின் செய்தியைத் தனியாகவும் லெமூரியாவைத் தனியாகவும் வைத்துப் பேசும் புத்தகத்தை எடுங்கள். இரண்டையும் குழைத்து இருபதாயிரம் ஆண்டு என்று அடித்துச் சொல்லும் புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். தமிழுக்குப் பெருமை சேர்க்க உண்மையே நிறைய இருக்கிறது.

"சுமார்", "என்று கருதப்படுகிறது" போன்ற சொற்கள் அங்கங்கே இருந்தால் நல்ல அறிகுறி. வரைபடம் கட்டாயம் வேண்டும். அரசர்கள் தவிர உழுதவர், நெய்தவர், தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர், பெண்கள் வருகிறார்களா என்றும் புரட்டிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: இரண்டு புத்தகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

இந்த வழிகாட்டியின் உயிரே இந்தப் படிதான். மற்றதற்கெல்லாம் நேரம் இல்லாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

வைக்கம் சத்தியாக்கிரகத்தை எடுத்துக்கொள்வோம். வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் நடக்க உரிமை கேட்டு நடந்த போராட்டம் அது. ஒரு தமிழ்ப் புத்தகம், ஒரு மலையாளப் புத்தகம். மலையாளம் தெரிந்த பிள்ளை தெரியாதவர்களுக்குச் சொல்லட்டும், அம்மா அப்பாவுக்கே கூடச் சொல்லட்டும். ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்.

யார் பெயர் இருக்கிறது? தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலும் நடுவில் நிற்பவர் பெரியார். தலைவர்கள் கைதான பிறகு ஈரோட்டிலிருந்து வந்து, பேசி, இரண்டு முறை சிறை போனவர். அவர் மனைவி நாகம்மையும் சகோதரி கண்ணம்மாளும் களத்தில் இறங்கினார்கள். மலையாளப் புத்தகங்களில் டி.கே. மாதவன், கே.பி. கேசவமேனோன், மன்னத்து பத்மநாபன், ஸ்ரீநாராயண குரு. இதில் கேசவமேனோன் நம் பாலக்காட்டுக்காரர், தரூரில் பிறந்தவர். முதல் நாள் தடையை மீறி நடந்த மூன்று பேரான குஞ்ஞாப்பி, பாகுலேயன், கோவிந்தப் பணிக்கர் பெயர்கள் உங்கள் இரண்டு புத்தகத்திலும் இருக்கின்றனவா என்று தேடச் சொல்லுங்கள்.

கதை எங்கே தொடங்குகிறது? 1923 டிசம்பரில் காக்கிநாடா காங்கிரஸில் மாதவன் தீண்டாமையைப் பற்றிப் பேசியதிலா, 1924 மார்ச் 30 அன்று மூவரும் நடந்ததிலா, ஏப்ரலில் பெரியார் வந்து சேர்ந்ததிலா? தொடக்கத்தை எங்கே வைக்கிறார்களோ அதைப் பொறுத்துக் கதாநாயகன் மாறுவதைப் பிள்ளையே கண்டுபிடிப்பாள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

எங்கே முடிகிறது? 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது கோயிலைச் சுற்றியுள்ள சாலைகள் முழுதாகத் திறக்கவில்லை, கிழக்குப் பக்கம் மூடியே இருந்தது. கோயிலுக்குள் போகும் உரிமை 1936 நவம்பர் 12 பிரகடனத்தில்தான் வந்தது. "வெற்றி" என்று 1925-இல் நிறுத்தும் புத்தகமும் 1936 வரை போகும் புத்தகமும் பிள்ளையின் மனதில் வேறு வேறு படத்தை உண்டாக்கும்.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு கடைசியாக ஒன்று கேளுங்கள்: "ரெண்டு பேரும் பொய் சொல்லலையே, அப்புறம் எப்படிக் கதை வேற மாதிரி இருக்கு?" பன்னிரண்டு வயதுக்கு மேல் உள்ளவர்கள் இதற்குச் சொல்லும் பதில்களை எழுதி வையுங்கள். பெரியவர்கள் கூட்டத்தில் கேட்காத தெளிவு அதில் இருக்கும்.

மைசூர் மன்னர் திப்பு சுல்தான் இன்னும் கடினமானவர், ஆகவே 14 வயதுக்கு மேல். தீரன் சின்னமலை கொங்கு மண்ணிலிருந்து திப்புவோடு சேர்ந்து கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்தவர், 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த வீட்டில் திப்பு தோழன். மலபாரைப் பற்றிய நூல்களிலோ மைசூர்ப் படையெடுப்பு, கட்டாய மதமாற்றம், வீட்டைவிட்டுத் திருவிதாங்கூருக்கு ஓடிய குடும்பங்கள் என்று வேறு நினைவு. இரண்டு நினைவும் சந்திக்கிற இடம் பாலக்காட்டுக் கோட்டை. திப்புவின் கோட்டை என்று ஊர் சொல்லும், எழுப்பியது அவர் தந்தை ஹைதர். 1790-இல் கம்பெனி பிடித்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் மலபாரே கம்பெனி கைக்குப் போனது. "திப்பு நல்லவரா கெட்டவரா" என்று ஒரு வரியில் முடிக்கும் புத்தகத்தை இந்த வயதில் கொடுக்காதீர்கள். அவர் யாருக்கு என்ன செய்தார், அதை அந்தக் காலத்தில் எழுதி வைத்தவர் யார், எழுதியவருக்கு அதில் லாபம் உண்டா என்று பிரித்துக் கேட்கும் புத்தகம் வேண்டும்.

ஆறாம் படி: நாவலும் படக்கதையும்

தாராளமாகக் கொடுங்கள். பல பேருக்கு வரலாற்றுக்குள் போகும் வாசல் அதுதான். பொன்னியின் செல்வனை வாசித்து முடித்தவரிடம் ஒரு வேலை கொடுக்கலாம்: இதில் யார் உண்மையில் வாழ்ந்தவர், யார் கல்கியின் கற்பனை? ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது உண்மை. அவனைக் கொன்ற ரவிதாசன் முதலானவர்களின் சொத்துகளைப் பற்றி உடையார்குடிக் கல்வெட்டு பேசுகிறது. நந்தினி கற்பனை. ஒரு நாவலுக்குப் பின்னால் கல்வெட்டு இருக்கிறது என்று தெரிந்ததும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வரும் ஆர்வத்தைப் பார்க்க வேண்டும்.

படக்கதையில் மட்டும் நிறத்தைக் கவனியுங்கள். நல்லவர்கள் சிவப்பாகவும் கெட்டவர்கள் கறுப்பாகவும் வரையப்பட்டிருந்தால் பிள்ளையிடமே காட்டி "ஏன் இப்படி வரைஞ்சிருக்காங்க?" என்று கேளுங்கள்.

ஏழாம் படி: கசப்பான பக்கங்கள்

சாதியை மறைத்துக் கேரள வரலாற்றையோ தமிழக வரலாற்றையோ சொல்ல முடியாது. தெருவில் நடக்கக் கூடாது, மேலாடை போடக் கூடாது என்று சட்டமும் வழக்கமும் இருந்த நாடு இது. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல பத்தாண்டுகள் போராடிய பிறகு 1859-இல்தான் அரசாணை வந்தது. ஒன்பது, பத்து வயதில் "அநியாயம் இருந்தது, அதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள்" என்ற அளவில் சொல்லலாம். 13-க்கு மேல் முழுமையாக. எதிர்த்தவர்களின் பெயரையும் தைரியத்தையும் சேர்த்தே சொல்லுங்கள், பிள்ளை வெறும் அவமானத்தைச் சுமந்துகொண்டு எழுந்து போகக் கூடாது. வகுப்பில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். யாரையும் உதாரணமாக நிறுத்திப் பேச வைக்காதீர்கள்.

1921 நவம்பர் ரயில் சம்பவம் 15-க்கு மேல். மலபார்க் கலவரத்தில் பிடிபட்ட கைதிகளைத் திரூரில் மூடிய சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். நம் பாலக்காட்டு வழியாகப் போன அந்த ரயிலைப் போத்தனூரில் திறந்தபோது மூச்சுத் திணறிப் பலர் இறந்து கிடந்தார்கள். இறந்தவர்கள் கிட்டத்தட்ட 70 பேர். எண்ணிக்கை புத்தகத்துக்குப் புத்தகம் கொஞ்சம் மாறும். ஏன் மாறுகிறது என்று கேட்பதே ஒரு நல்ல பாடம். கலவரத்தைப் பற்றிய வாதங்கள் இன்றும் சூடானவை, எனவே இதற்கு மூன்று புத்தகமாவது வேண்டும்.

எட்டாம் படி: போய்ப் பாருங்கள், வீட்டையும் தோண்டுங்கள்

வாசித்த இடத்துக்கு ஒரு மாதத்துக்குள் கூட்டிப் போங்கள். கோட்டை இருக்கிறது. டி.ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர் 1923-இல் தொடங்கிய சபரி ஆசிரமம் அகத்தேத்தறையில் இருக்கிறது, காந்தி வந்த இடம். வைக்கத்தில் பெரியார் நினைவகத்தை 2024 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போய் அங்கே உட்கார்ந்து இரண்டு பக்கம் வாசியுங்கள்.

பதின்ம வயதுக்காரர்களுக்கு வீட்டிலேயே ஆவணம் கிடக்கும். பழைய பத்திரத்தை எடுக்கச் சொல்லுங்கள், கொல்லம் ஆண்டு (கேரளத்தின் பழைய ஆண்டுக் கணக்கு) போட்டிருந்தால் இன்னும் நல்லது. அதை ஆங்கில ஆண்டாக மாற்ற, ஜனவரி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உள்ள தேதி என்றால் 825 கூட்ட வேண்டும், அதற்குப் பிறகு டிசம்பர் வரை 824. தொண்ணூற்றொம்பது வெள்ளம் என்று பெரியவர்கள் சொல்வது கொல்லம் 1099 கர்க்கடக (ஆடி) மாதம். 825 கூட்டினால் 1924 ஜூலை. மூணாறின் சிறு ரயில் பாதையை அடித்துப் போனது அந்த வெள்ளம்தான். பத்திரத்தில் யார் விற்றார், யார் வாங்கினார், எந்த மொழியில் எழுதியிருக்கிறது, எந்த அரசின் முத்திரை என்று எழுதி, அதே காலத்தைப் பற்றி அப்பச்சியிடமும் அம்மிச்சியிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும். யார் சொன்னது, எந்தத் தேதியில், எந்த ஊரில் என்பது தாளின் மேலே இருக்க வேண்டும். மலைத் தோட்டப் பக்கம் சொந்தம் இருந்தால் கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கியவர்) காலத்துக் கதைகளையும் கேட்டு வாருங்கள், புத்தகங்களில் இன்னும் ஏறாதது நிறைய இருக்கிறது.

புத்தகம் எங்கே கிடைக்கும்

குறைந்த விலையில் வேண்டும் என்றால் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் சிறுவர் நூல்கள், தமிழிலும் மலையாளத்திலும் உண்டு. இரண்டு மாநிலப் பாடநூல்களையும் அரசுத் தளங்களில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கேரளத்தின் தமிழ்வழிப் பாடநூலும் அங்கே இருக்கிறது, ஐந்தாம் படிக்கு இதுவே போதும். கோவை கொடிசியாவில் ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது, பிள்ளையைக் கூட்டிப் போய் நான்காம் படியை அங்கேயே செய்து பார்க்கலாம். பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம்.

ஊர் வாயனசாலையை மறந்துவிடாதீர்கள். பி.என். பணிக்கர் 1945-இல் தொடங்கிய நூலக இயக்கத்தால் கேரளத்தில் கிராமம் கிராமமாக நூலகம் இருக்கிறது, எல்லையோரத் தமிழர்களாகிய நமக்கும் அதில் பங்கு உண்டு. அவர் நினைவாக ஜூன் 19 வாசிப்பு நாள். அதற்கு முன்பே நான்கு ஐந்து குடும்பமாகச் சேர்ந்து கமிட்டிச் செயலாளரைப் பாருங்கள். இந்த ஆண்டு வாங்கும் பட்டியலில் பிள்ளைகளுக்கான தமிழ் வரலாற்று நூல்களையும் சேர்க்கச் சொல்லி, நூல் பெயர், பதிப்பகம், விலை எல்லாம் தெளிவாக எழுதிய தாளைக் கையில் கொடுங்கள். ஒவ்வொரு தமிழ் நூலுக்கும் பக்கத்தில் அதே நிகழ்ச்சியைப் பற்றிய மலையாள நூல் ஒன்றையும் எழுதுங்கள்.